மைத்துனர் பெயரில் வெள்ளவத்தை பிளாட் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. பருத்தித்துறையில் பிறந்தவன். 1988இல் லண்டன் வந்தேன். நானும் மனைவியும் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டோம். பிள்ளைகள் இருவரும் வேலையில் இருக்கிறார்கள். குளிரும் இருட்டும் போதும், மிச்சக் காலத்தை வெயிலில் கழிப்போம் என்று கொழும்பில் வந்து குடியேற நினைக்கிறோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக மூன்று அறை பிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். ஐந்து கோடி சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் வாங்குவது கஷ்டம், தன் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பினால் ரேட்டும் கூட என்கிறார் மனைவியின் தம்பி. உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) மூன்று கோடி என்று போட்டால் முத்திரை வரி மிச்சம் என்கிறார் தரகர். ஹரோவில் உள்ள எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வர யோசனை. அடுத்த மாதம் வரும்போது முற்பணம் கொடுக்கட்டுமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

பிளாட் நல்லதாகவே இருக்கலாம். மைத்துனரும் தங்கமான மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் பெயரில் எழுதுவது, உண்டியலில் அனுப்புவது, உறுதியில் விலையைக் குறைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால், உங்கள் காசில் வாங்கிய வீடு உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்கு வரும் காணி வழக்குகளில் கணிசமானவை அந்நியர்களுக்கு இடையில் நடப்பவை அல்ல. வாதியும் பிரதிவாதியும் ஒரே கலியாண ஆல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள்.

முதலில் "வெளிநாட்டுக்காரர் வாங்குவது கஷ்டம்" என்ற பேச்சைப் பார்ப்போம். அது பாதி உண்மை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. மீறி எழுதினால் அந்த உறுதி செல்லாது. ஆனால் தொடர்மாடி வீட்டுக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. தொடக்கத்தில் நான்காம் மாடியும் அதற்கு மேலும்தான் என்று இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்த மாடிக் கணக்கும் போய்விட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று. முழு விலையும் உறுதி எழுதும் முன்பே, வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக இந்த நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். ஆக, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு நாளைக்கே உங்கள் பெயரில் அந்த பிளாட்டை வாங்கலாம். மைத்துனர் பெயர் எதற்கு?

அவர் பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். அவர் இறந்தால் வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர் கடன்பட்டால் கடன் கொடுத்தவர் அந்த வீட்டைத் தேடி வருவார். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதற்கு இன்னொரு உறுதி எழுதி இன்னொரு தடவை முத்திரை வரி கட்ட வேண்டும். ஒருவர் காசு கொடுத்து இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால், பெயருக்கு உரியவர் காசு கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று வாதாட 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காசு கொடுத்தது நீங்கள்தான் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உண்டியலில் அனுப்பியிருந்தால் எதைக் காட்டுவீர்கள்? வட்சப்பில் வந்த "கிடைத்தது அத்தான்" என்ற ஒரு வரியையா?

உண்டியலைப் பற்றி நம்மவர்களிடம் பேசுவது சங்கடமான காரியம். போர்க்காலத்தில் வங்கி இல்லாத ஊர்களுக்குக் காசு போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான். அது ஒரு காலம். இப்போது நீங்கள் அனுப்பப் போவது அம்மாவின் மருந்துச் செலவுக்கான காசு அல்ல, ஐந்து கோடி. அனுமதி இல்லாமல் அந்நியச் செலாவணி கைமாற்றுவது சட்டவிரோதம். நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சொத்து வாங்க வருபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமை உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் உண்டு, சொத்துத் தரகருக்கும் உண்டு. கேட்காத நொத்தாரிசை மைத்துனர் பிடித்துத் தருவார் என்றால், அந்த நொத்தாரிசு வேறு எதையெல்லாம் கேட்காமல் விடுவார் என்று யோசியுங்கள்.

சரியான வழி ஒன்றும் சிக்கலானது அல்ல. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உள்நோக்கிய முதலீட்டுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. வங்கியில் ஐ.ஐ.ஏ. என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். லண்டன் கணக்கிலிருந்து நேரே அதற்குக் காசு வர வேண்டும், அதிலிருந்து விற்பவருக்குப் போக வேண்டும். வங்கி தரும் உறுதிப்படுத்தல் கடிதத்தை உறுதியோடு சேர்த்து வைக்க வேண்டும். நாளைக்கு வீட்டை விற்றுப் பணத்தைத் திரும்ப லண்டனுக்குக் கொண்டுபோக நினைத்தால், வந்த அதே வழியில் போகலாம். உண்டியலில் வந்த காசுக்குத் திரும்பிப் போகிற வழி இல்லை. இரண்டொரு ரூபாய் கூடுதல் ரேட்டுக்காக இதை விடாதீர்கள்.

தரகரின் யோசனைக்கு வருவோம். மேல் மாகாணத்தில் முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஐந்து கோடிக்கு 19,99,000 ரூபாய். மூன்று கோடி என்று போட்டால் 11,99,000. மிச்சம் எட்டு இலட்சம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. இனி மறுபக்கம் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான மூலதன ஆதாய வரி 15 வீதம். சில வருடம் கழித்து ஏழு கோடிக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். உண்மையான ஆதாயம் இரண்டு கோடி, வரி 30 இலட்சம். உறுதியில் மூன்று கோடி என்றிருந்தால் ஆதாயம் நான்கு கோடி, வரி 60 இலட்சம். எட்டை மிச்சம் பிடித்து முப்பதை இழக்கிறீர்கள். நீங்களே குடியிருந்த வீட்டுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, ஆனால் வாடகைக்கு விட்டு வைத்திருந்து விற்றால் அது கிடைக்காது. இதற்கெல்லாம் மேலாக, முழு விலையும் வங்கி வழியாக வந்தது என்று காட்ட வேண்டிய வெளிநாட்டவர் நீங்கள். மூன்று கோடி உறுதியை வைத்துக்கொண்டு ஐந்து கோடி வந்ததற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? விலை குறைத்துப் போடுவதில் உண்மையான லாபம் விற்பவருக்குத்தான். தரகர் உங்களுக்காகப் பேசுவது போலப் பேசுகிறார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது வெளிநாட்டவராக வாங்குவதைப் பற்றி. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அந்த வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வீடு வாங்கினால் இங்கே குடியிருக்கும் உரிமை தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக வீசா வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்களுக்கான 'மை ட்ரீம் ஹோம்' வீசாவுக்கு 15,000 டொலர் வைப்பில் இருக்க வேண்டும், மாதம் 1,500 டொலர் வெளியிலிருந்து வர வேண்டும், கூட வரும் துணைக்கு இன்னும் 750 டொலர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பருத்தித்துறையில் பிறந்த ஒருவர் எழுபத்தைந்து வயதில் பத்தரமுல்லையில் வரிசையில் நின்று வீசா புதுப்பிப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை என்ற வழி இருக்கிறது. இழந்த இலங்கைக் குடியுரிமையைத் திரும்பப் பெற 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழி செய்கிறது. 55 வயதைத் தாண்டியவர்கள் அந்தத் தகைமையிலேயே விண்ணப்பிக்கலாம். லண்டன் உயர்ஸ்தானிகராலயம் ஊடாகவும் கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழ், பிரித்தானியக் குடியுரிமைச் சான்றிதழ், கிடைத்தால் பழைய இலங்கைக் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுங்கள். பெயர் எழுத்துக்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். நம்மவர்களின் விண்ணப்பம் இழுபடுவது பெரும்பாலும் அங்கேதான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, லண்டனில் குடும்பப் பெயராக மாறியது இன்னொரு மாதிரி. அதற்குச் சத்தியக்கடதாசி தேவைப்படும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். காத்திருங்கள். கிடைத்துவிட்டால் வீசாக் கவலை இல்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையும் உங்களுக்கு இல்லை, பிளாட் மட்டுமல்ல, காணியோடு தனி வீடும் வாங்கலாம். 2022இல் வந்த 21ஆம் திருத்தத்தின்படி பாராளுமன்றம் போக மட்டும் முடியாது. அந்த ஆசை இருந்தால் தனியாக எழுதுங்கள்.

அப்புறம், அந்த பிளாட். வெள்ளவத்தையில் மெரைன் டிரைவுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், பழைய வீடுகளை இடித்து எழுப்பிய ஐந்தாறு மாடிக் கட்டடங்கள் ஏராளம். நல்லவையும் உண்டு. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி ஐந்து மாடிக்கு இருக்க ஆறு மாடி நிற்பவையும் உண்டு. மொட்டை மாடியில் பிறகு கட்டிய அறைகளும், படத்தில் வாகனத் தரிப்பிடமாக இருந்து நேரில் கடையாக மாறிய கீழ்த்தளமும் உண்டு. எனவே முதலில் கேட்க வேண்டியது சீ.ஓ.சீ., அதாவது கட்டடம் அனுமதித்த படத்தின்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ். இரண்டாவது, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் பதிவான, ஒவ்வொரு பிளாட்டையும் தனி அலகாகக் காட்டும் கூட்டாதனப் படம். இந்தப் படம் பதிவாகாத கட்டடத்தில் உங்கள் பிளாட் தனிச் சொத்தே அல்ல, காணியில் பிரிக்கப்படாத ஒரு பங்குதான் கையில் வரும். வெளிநாட்டவருக்கான விலக்கு கூட்டாதன அலகுக்குத்தான் என்பதால், குடியுரிமை கிடைக்கும் முன் வாங்குவதானால் இது உயிர்நாடி.

காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் உரித்துத் தேட வேண்டும். கட்டியவர் காணியை வங்கியில் ஈடு வைத்துத்தான் கட்டியிருப்பார். அந்த ஈடு உங்கள் அலகிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கட்டியவரிடமே நேரே வாங்கினால் பெறுமதி சேர் வரி விலைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னும் கட்டி முடியாத மாடி என்றால் என்னுடைய ஆலோசனை சுருக்கம்: வாங்காதீர்கள். 2022 நெருக்கடியில் பாதியில் நின்ற கட்டடங்களில் தவணைக் காசு போட்டுவிட்டு நின்றவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வெள்ளவத்தைக்கே உரிய விஷயம் ஒன்று. அங்கே விற்பவர் யாழ்ப்பாணத்தவராக இருப்பது சகஜம். வீடு திருமணமான ஒரு பெண்ணின் பெயரில் இருந்து, அவருக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமானால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அவர் விற்க முடியாது. கணவர் கனடாவில் இருக்கிறார், பேச்சுவார்த்தையும் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்க வேண்டும். "அது பரவாயில்லை, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது சமையலறைத் தரை ஓடுகளைப் பார்ப்பதற்கு முன் லிப்ட்டைப் பாருங்கள். ஜெனரேட்டர் லிப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டருக்கும் வேலை செய்கிறதா அல்லது படிக்கட்டு விளக்குக்கு மட்டுமா? 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது ஐந்தாம் மாடி முதியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இயங்குகிறதா, மாதாந்தப் பராமரிப்புக் காசை எத்தனை பேர் கட்டுகிறார்கள், சேமிப்பு நிதியில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். பாதி வீட்டுக்காரர்கள் டொரன்டோவிலும் சூரிச்சிலும் இருந்தால் மீதிப் பேர்தான் கட்டடத்தைச் சுமக்கிறார்கள். சோலைவரி பாக்கி இருக்கிறதா என்று மாநகர சபைப் பற்றுச்சீட்டைப் பாருங்கள். கடலுக்குப் பக்கம் என்றால் உப்புக்காற்று ஏசியையும் ஜன்னல் இரும்பையும் தின்னும், அதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. என்னைக் கேட்டால் பிளாட்டின் விலையைவிட இது பெரியது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் கொழும்புக்கும் வரும். ஆனால் வருடாந்த உயர்வு வராது. பிரித்தானியாவோடு அதற்கான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் இலங்கை இல்லை. 2010இல் பழைய அடிப்படை ஓய்வூதியம் முழுமையாக வாரம் 97.65 பவுண்ட். அந்தத் தொகையோடு அந்த வருடம் கொழும்பில் வந்து குடியேறியவருக்கு இன்றைக்கும் 97.65தான். அவரோடு ஒன்றாக வேலை செய்து ஹரோவிலேயே தங்கியவருக்கு 2025-26இல் 176.45. உங்களுக்குப் புதிய ஓய்வூதியம், 67 வயதில் தொடங்கும், 2025-26இல் முழுத் தொகை வாரம் 230.25 பவுண்ட். இங்கே இருந்தபடி எடுத்தால், தொடங்கும்போது என்ன தொகையோ அதிலேயே உறைந்து நிற்கும். எண்பத்தைந்து வயதில் அந்தத் தொகைக்கு இங்கே என்ன வாங்க முடியும் என்று கணக்குப் போடுங்கள். திரும்பிப் போய் அங்கே குடியேறினால் அன்றைய தொகைக்கு உயர்த்துவார்கள். முழு ஓய்வூதியத்துக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். உங்களுக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்று புறப்படும் முன் பாருங்கள்.

வைத்தியமும் அப்படித்தான். என்.எச்.எஸ். இலவசச் சிகிச்சை அங்கே வசிப்பவருக்கு உரியது, கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அல்ல. இங்கே குடியேறிய பிறகு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் வரலாம். கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிச் செலவையும், இந்த வயதில் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுப்பதில் உள்ள சிரமத்தையும் மாதச் செலவுக் கணக்கில் இப்போதே போடுங்கள்.

ஹரோ வீட்டை வாடகைக்கு விடும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்கும். வாடகைக்குப் பிரித்தானிய வரி உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கான திட்டத்தில் நீங்கள் முன்கூட்டியே அனுமதி எடுக்காவிட்டால், முகவர் வரியைக் கழித்துக்கொண்டுதான் மிகுதியைத் தருவார். பிறகு அந்த வீட்டை விற்றால், விற்று முடிந்து 60 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இதற்கு லண்டனில் ஒரு கணக்காளரைப் பிடியுங்கள், என்னைப் போன்ற கொழும்புச் சட்டத்தரணியை நம்பாதீர்கள்.

பிள்ளைகள் விஷயம். அவர்கள் பிரித்தானியர்களாகவே இருந்தாலும் நெருங்கிய இரத்த உறவாக உங்கள் சொத்தை மரணசாதனம் மூலமோ வாரிசுரிமையாகவோ பெற 2014ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. இங்குள்ள சொத்துக்கு இங்கேயே, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒரு மரணசாதனம் எழுதி வையுங்கள். இலங்கையில் இப்போது வாரிசு வரி இல்லை. பிரித்தானியாவில் இருக்கிறது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு நீண்டகாலம் அங்கே வசித்தவருக்கு, வெளியேறிய பின்னும் பத்து வருடம் வரை அது உலகம் முழுவதுமுள்ள சொத்தைத் தொடரும். வெள்ளவத்தை பிளாட்டும் அதில் அடங்கும்.

மைத்துனர் உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு பார்க்க, சாவி வாங்க, மின்சாரக் கணக்கு மாற்ற அவர் வேண்டும். அதற்கு விசேட அற்றோணித் தத்துவம், அதாவது குறித்த சில காரியங்களை மட்டும் உங்களுக்காகச் செய்ய அதிகாரம் தரும் பத்திரம், போதும். என்னென்ன செய்யலாம் என்று அதில் வரிசையாக எழுதுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் இடம் தரும் பொதுத் தத்துவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், யாராக இருந்தாலும். மனைவிக்கு மனம் நோகும் என்றால் "லோயர் விடமாட்டேன் என்கிறார்" என்று பழியை என் மேல் போடுங்கள்.

அடுத்த மாதம் வாருங்கள், ஆனால் வாங்க அல்ல. ஒரு வருடத்துக்கு அதே ஒழுங்கையில் வாடகைக்கு ஒரு பிளாட் எடுங்கள், குடியுரிமை விண்ணப்பம் ஒரு பக்கம் ஓடட்டும். டிசம்பரில் வந்து கச்சேரியும் கலியாண வீடும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கொழும்பு மிக அழகாக இருக்கும். ஏப்ரல், மே புழுக்கத்தையும், அதன்பின் வரும் மழையில் காலி வீதி நெரிசலையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லண்டனில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழகிய உடம்பு வெயிலைக் கேட்பது வேறு, தாங்குவது வேறு. வரும்போது பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குடியுரிமைச் சான்றிதழ் மூன்றின் மூலப்பிரதிகளையும், விற்பவரிடமிருந்து உறுதி, கூட்டாதனப் படம், சீ.ஓ.சீ. ஆகியவற்றின் பிரதிகளையும் எடுத்து வாருங்கள். பிரதி தர அவர் தயங்கினால், அந்த பிளாட்டைப் பற்றி நாம் மேலே பேச வேண்டிய தேவையே இருக்காது.